ஆற்றிலிருந்து கரையேறிய சொல்

“ஏல, நாலாம் படிக்குக் கீழ போவாத.” குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போகும்போதெல்லாம் ஆச்சி இதைச் சொல்வாள். நாலாம் படிவரை கல் சொரசொரப்பு. அதற்குக் கீழே பாசி. எந்தக் கல் ஆடும், எங்கே இழுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அவள் மாமியார் சொல்லித் தெரியும். தாமிரவருணி நெடுகத் தண்ணீர்தான். ஆழம் தெரிந்த தண்ணீர் சில இடங்களில்தான் உண்டு. அந்த இடத்துக்குத் தமிழ் வைத்த பெயர் துறை.

பழைய சொல் இது. குடிக்க நீர் முகக்கும் இடம் சங்கப் பாட்டில் உண்துறை. மருதத்துத் தலைவன் தண்துறை ஊரன். நெய்தல் தலைவன் துறைவன். ஆற்றுக்கும் கடலுக்கும் ஒரே சொல். ஆற்றில் ஓடம் விட்ட இடம் ஓடத்துறை. ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஊருக்கே அந்தப் பெயர். கடலோரத்தில் அது துறைமுகம். மலையாளத்தில் ‘துற’ என்றால் மீனவர் குடியிருப்பு. யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறை, காங்கேசன்துறை.

காவிரிக் கரையில் இந்தச் சொல் ஊர் ஊராக இறங்கியிருக்கிறது: திருப்பராய்த்துறை, ஆடுதுறை, திருவாவடுதுறை, மயிலாடுதுறை. நீண்ட காலம் மாயவரமாக இருந்த ஊர் 1982-இல்தான் அரசாணைப்படி மயிலாடுதுறை ஆயிற்று. அங்கே ஐப்பசி முழுக்கத் துலா முழுக்கு. கடைசி நாள் கடைமுழுக்கு. நடக்கமாட்டாத ஒருவன் தவழ்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டதாம். அவனுக்காகக் கார்த்திகை முதல் நாளும் கணக்கில் சேர்ந்தது. அதற்குப் பெயர் முடவன் முழுக்கு. தாமதமாக வந்தவனுக்கும் துறையில் ஒரு நாள் இடம் வைத்த கதை இது. ஆனால் அந்தப் படித்துறையை ஊர் துலாக் கட்டம் என்றுதான் சொல்கிறது. காசியில் ‘காட்’ என்கிறார்களே, அதன் வடமொழி மூலந்தான் இந்தக் கட்டம். ஊர்ப் பெயரில் துறை, படிக்கட்டில் கட்டம்.

ஆடுதுறைக்கு வேறு யோகம். 1922-இல் அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கே பிறந்த ரகங்களுக்கு ஊரின் பெயரே சுருங்கி ஏ.டி.டி. ஆயிற்று. “இந்தப் பட்டத்துக்கு ஏ.டி.டி. 43 போட்டிருக்கேன்” என்கிற விவசாயியின் வாயில் ஒரு பழைய நீர்த்துறை மூன்று எழுத்தாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி, சொல் கரையேறிய கதை. ஒன்றை முழுக்கக் கற்றவரைத் ‘துறைபோனவர்’ என்றார்கள். துறையில் இறங்கி நீரைக் கடந்து அந்தப் பக்கம் போனவர் என்பது அதன் படம். ‘கரைகண்டவர்’ என்பதும் அதே ஆற்றில் நனைந்த சொல். வடமொழித் தீர்த்தமும் இப்படித்தான்: கடக்கும் இடத்தைக் குறித்த சொல் புனித நீருக்கு ஆயிற்று, கற்பிக்கும் ஆசானுக்கும் ஆயிற்று. புறப்பாடல்களைத் திணையாகப் பகுத்து, அதற்குள் துறை துறையாகப் பிரித்தார்கள் இலக்கணக்காரர்கள். பரந்து கிடப்பதில் நாம் இறங்கக்கூடிய இடம் எது என்று காட்டுவதுதான் அங்கேயும் துறையின் வேலை. அங்கிருந்து தமிழ்த்துறை, துறைத்தலைவர், பொதுப்பணித் துறை. 2021-இல் பொதுப்பணியிலிருந்து பிரிந்து நீர்வளத் துறை தனியாக வந்தபோது, சொல் ஒரு சுற்றுச் சுற்றித் தண்ணீருக்கே திரும்பியது. ஆனால் இந்தத் துறையில் யாரும் இறங்கிக் குளிக்க முடியாது.

பழைய துறையிலும் எல்லோரும் ஒன்றாக இறங்கிவிடவில்லை. இந்தப் படி இன்னாருக்கு என்று சாதி பார்த்தே பல ஊர்களில் துறை பிரித்தார்கள். பிரிவு என்ற பொருள் ஏட்டில் ஏறும் முன்பே படிக்கட்டில் இருந்தது என்று தோன்றும். ஆச்சியின் நாலாம் படியை நினைக்கும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லைச் சீமையில் கொட்டித் தீர்த்தது. ஆற்றுக்குள்ளேயே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. வெள்ளக் காலத்தில் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவது அங்கே வழக்கம். சாமிக்கும் கரையேறத் தெரியும். தொலைக்காட்சியில் அணை வாரியாகக் கனஅடிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை வாசித்துச் சொன்னேன். அம்மாவுக்கு அது பிடிபடவில்லை.

“அதெல்லாம் இருக்கட்டும். எத்தன படி முங்கியிருக்கு?” என்றாள்.