கேம் கன்சோல்: மின்செலவும் செயல்திறனும்

தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கேம் கன்சோல்களின் மின்செலவு நாற்பது ஆண்டுகளில் 4 வாட்டிலிருந்து 200 வாட் வரை ஏறியிருக்கிறது. வெயிலும் கரண்ட் கட்டும் பழகிப்போன திருவண்ணாமலை போன்ற ஊர்களில், ஒரு கன்சோலின் வேகத்தைவிட இந்தக் கணக்குதான் முதலில் பார்க்க வேண்டியது.

1983-ல் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் சுமார் 4 வாட் எடுத்தது. செயலியின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், உள்ளே குளிர்விக்கும் விசிறி கிடையாது. அதன் நகல்கள் பின்னாளில் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களுக்கு வந்து, கேசட் செருகி மரியோ ஆடும் டிவி கேமாக வீடுகளில் நுழைந்தன.

செலவு எகிறியது 2005, 2006-ல். எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 ஆகியவற்றின் முதல் பெட்டிகள் 90 நானோமீட்டர் சிப்புகளோடு 170 முதல் 200 வாட் வரை இழுத்தன. எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறும். எக்ஸ்பாக்ஸ் 360-ல் பரவலாக வந்த பழுதுகளுக்காக மைக்ரோசாஃப்ட் 2007-ல் உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அதே காலத்து நின்டெண்டோ வீ சுமார் 18 வாட்டில் ஓடி, அவ்விரண்டையும்விட அதிகம் விற்றது. 2009-ல் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 3, 45 நானோமீட்டர் செயலியால் செலவை ஏறக்குறையப் பாதியாக்கியது.

தமிழ்நாட்டின் மின்பற்றாக்குறை 2012-ல் உச்சத்தில் இருந்தது. சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் போனது. வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. பழைய பிளேஸ்டேஷன் 3 எடுக்கும் மின்சாரத்தில் இரண்டு சீலிங் ஃபேன் ஓடும். எதை நிறுத்துவது என்பதில் அம்மாக்களுக்குக் குழப்பமே இருந்திருக்காது.

பிளேஸ்டேஷன் 4-ன் வரைகலைத் திறன் 1.84 டெராஃப்ளாப், 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5-க்கு 10.28. ஐந்து மடங்குக்கு மேல் கூடிய திறனுக்கு மின்செலவு ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை. இந்தத் துறையின் உண்மையான சாதனை இதுதான். பிளேஸ்டேஷன் 5-க்கு மின் வரம்பு ஒன்றை வைத்து, வேலைப்பளுவைப் பொறுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். அறை வெப்பம் அந்தக் கணக்கில் சேராது. சோனி பரிந்துரைக்கும் சூழல் வெப்பம் 5 முதல் 35 டிகிரி. திருவண்ணாமலையின் மே மாதப் பகல் அதைத் தாண்டிவிடும். அப்போது பெட்டி வேகத்தைக் குறைக்காது, விசிறிதான் கூடுதலாகச் சுழலும். காற்றோட்டமில்லாத டிவி அலமாரிக்குள் அதைத் திணிப்பது கூடாது.

தினம் மூன்று மணி நேரம் ஆடினால், 200 வாட் கன்சோலுக்கு இரண்டு மாதத்தில் 36 யூனிட் ஆகும். மின்வாரியம் 2016 முதல் வீடுகளுக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதிலேயே போய்விடும். நின்டெண்டோ ஸ்விட்சை டிவியில் இணைத்து அதே நேரம் ஆடினால் இரண்டு, மூன்று யூனிட்தான்.

ஐரோப்பாவில் கன்சோல் தயாரிப்பாளர்கள் மின்செலவைக் கட்டுப்படுத்தத் தாமே முன்வந்து செய்த ஒப்பந்தத்தை ஐரோப்பிய ஆணையம் 2015-ல் ஏற்றது. இந்தியாவில் ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் ஒட்டும் நட்சத்திர முத்திரை கன்சோல் பெட்டியிலும் வர வேண்டும்.