உம்புல்-உம்புல்: பாலித் தீவின் நெடுங்கொடி

உம்புல்-உம்புல் என்பது இந்தோனேசியாவின் பாலித் தீவில் கோயில் வாசல்களிலும் தெருவோரங்களிலும் வரிசையாக நடப்படும் நெடிய, ஒடுங்கிய துணிக்கொடி. பாலி இந்துக்களின் வழிபாட்டோடு பிணைந்த இக்கொடி, இன்று திறந்தவெளித் திருமணங்களையும் தோட்டங்களையும் அழகுசெய்கிறது.

அமைப்பு

கொடித்துணி அடியில் அகன்று, மேலே போகப்போகக் குறுகிக் கூராக முடியும். ஒரு விளிம்பை மடித்துக் குழல்போலத் தைத்து, அதனுள் மூங்கிலைச் செருகுவார்கள். மூங்கிலின் நுனி மெலிந்திருப்பதால் துணியின் இழுப்புக்கு வளைந்து, முற்றிய நெற்கதிர்போல் தலைசாய்கிறது. பொன்னிற வேலைப்பாடு 'பிராடா' எனப்படும். துணியின் நீண்ட வடிவத்துக்கு இசைவாக நாக உருவம் வரைவதும் உண்டு. க்ளுங்குங் பகுதியிலுள்ள கமாசான் ஊர் ஓவியர்கள், கோயிற்கொடிகளையும் கூரை விளிம்பில் கட்டும் 'இடெர்-இடெர்' என்னும் நீள்துணிகளையும் மரபுவழியில் தீட்டிவருகிறார்கள்.

உறவுடைய பொருள்கள்

'கோபெர்' சிறிய கொடி; அதில் அனுமன் உருவம் அடிக்கடி காணப்படும். மகாபாரதத்தில் அருச்சுனனின் தேர்க்கொடியில் அனுமன் இருந்ததை இது நினைவூட்டும். 'தெடுங்' குஞ்சம் தொங்கும் சடங்குக்குடை. 'பெஞ்சோர்' கொடியன்று, தென்னங்குருத்து, நெற்கதிர், காய்கனிகளால் அணிசெய்த வளைந்த மூங்கில். அது ஆகுங் மலையையும் வாசுகி நாகத்தையும் குறிப்பதாகப் பாலி மக்கள் கொள்கிறார்கள்.

சடங்கில் இடம்

பாலியின் பவுகோன் நாட்காட்டியில் ஒரு சுற்று 210 நாள். அந்தக் கணக்கில் வரும் கலுங்கான் திருநாளுக்கு முதல்நாள் வீட்டுவாசல்தோறும் பெஞ்சோர் நிமிரும். 'ஓடாலான்' எனப்படும் கோயில் திருவிழாவில் கொடிகளும் குடைகளும் வாசலை நிறைக்கும். மௌனநாளான நியெபிக்குச் சில நாள் முன்பு நடக்கும் மெலாஸ்தி ஊர்வலத்தில், தெய்வத் திருவுருக்களோடு கொடிகளும் கடற்கரைக்குச் செல்லும்.

நிறங்கள்

பாலி மரபில் திசைக்கொரு தெய்வமும் நிறமும் உண்டு: கிழக்கில் ஈசுவரனுக்கு வெள்ளை, தெற்கில் பிரம்மாவுக்குச் சிவப்பு, மேற்கில் மகாதேவனுக்கு மஞ்சள், வடக்கில் விஷ்ணுவுக்குக் கறுப்பு, நடுவில் சிவனுக்கு எல்லா நிறங்களின் கலப்பு. கோயில்களில் வெள்ளையும் மஞ்சளும் இணைந்து வருவது மிகுதி. 'போலெங்' என்னும் கறுப்பு வெள்ளைக் கட்டத்துணி எதிரெதிர் ஆற்றல்களின் சமநிலையைக் காட்டுவது. காவல் சிலைகளுக்கும் புனித மரங்களுக்கும் அதைச் சுற்றுவார்கள்.

திருமணத்திலும் தோட்டத்திலும்

உலுவாத்து, ஜிம்பரான் போன்ற கடலோர இடங்களில் நடக்கும் திருமணங்களில், மணமக்கள் நடந்துவரும் பாதையின் இருமருங்கும் கொடிகளைச் சம இடைவெளியில் நடுவது வழக்கம். கொடிநுனிகள் உட்புறம் சாய்ந்தால் பாதையே பந்தலாகும். சுவரோ கூரையோ இல்லாத வெளிக்கு இவை எல்லை வகுத்துத் தருகின்றன. விருந்தினருக்கு வழியும் காட்டுகின்றன. தோட்டத்தில் குளக்கரை, வாயில், நடைபாதைத் திருப்பம் ஆகியவை கொடிக்கு ஏற்ற இடங்கள். ஒரே நிறத்தில் சில கொடிகள் நின்றால் போதும். பல நிறங்கள் குவிந்தால் செடிகொடிகளின் அழகு மறையும்.

இரும்புக் கம்பியையோ மரமுளையையோ மண்ணில் ஆழ அடித்து, அதோடு மூங்கிலின் அடியை இறுகக் கட்ட வேண்டும். மின்கம்பிக்கு அருகில் நடக்கூடாது. பலத்த காற்றடித்தால் கொடிகளை இறக்கிவிட வேண்டும். தொடர்ந்த வெயிலில் சாயம் மங்கும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

வழிபாடும் அலங்காரமும்

வழிபாட்டுக்கும் அலங்காரத்துக்கும் இடையிலான எல்லையைப் பாலி மக்களே வகுத்திருக்கிறார்கள். வழிபாட்டுப் பெஞ்சோரில் படையல் வைக்கும் சிறு மூங்கில் மாடம் இருக்கும். விழா அலங்காரத்துக்கு நடப்படுவது 'பெபெஞ்சோரான்'. அதில் மாடமும் படையலும் இல்லை. கொடிகளுக்கும் இந்த நெறியே தகும். தெய்வ உருவம் தீட்டிய கொடிகளைக் கோயிலுக்கு விட்டுவிட்டு, உருவமற்ற வண்ணக் கொடிகளைத் திருமணத்துக்கும் தோட்டத்துக்கும் தேர்ந்தெடுப்பதே அந்த மண்ணுக்குச் செய்யும் மரியாதை.