கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் நம்பிக்கைக் கல்வி: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் சமய வாழ்வு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கோயில்களையும் விழாக்களையும் மையமாகக் கொண்டே அமைந்துள்ளன. தமிழ்க் கிறித்தவர்களைப் பற்றிய எழுத்துகளோ தேவாலயங்களின் ஆண்டு விழா மலர்களோடு நின்றுவிடுகின்றன. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களுள் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் கிறித்தவர்கள். எண்ணிக்கையில் சிறிய இச்சமூகம் தன் நம்பிக்கையை எவ்வாறு பிள்ளைகளுக்குக் கையளித்தது என்பதைப் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் ஆகிய இடங்களை முன்வைத்து இக்கட்டுரையில் நோக்குகிறோம். தேவாலயமும் பள்ளியும் இப்பணியில் பங்கேற்றன எனினும், தொடக்கம் முதல் இன்று வரை இதனைச் சுமந்து வந்தது வீடே என்பது நம் கருத்து.

வந்தவர்கள் கொண்டுவந்தவை

1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவிற்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இரயில்வேத் துறை வளர வளர, பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் தமிழர் குடியிருப்புகள் பெருகின. தமிழகத்திலிருந்து தொழிலாளர்களும், யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களும் நிலைய அதிபர்களும் வந்து சேர்ந்தனர். இவர்களுள் இருந்த கிறித்தவர்கள் ஒரே மரபினர் அல்லர். மூன்று மரபுகளை நாம் பிரித்தறியலாம்.

முதலாவது தரங்கம்பாடி மரபு. 1529இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேச நூல், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிப்பதற்கென்றே வினாவிடை முறையில் அமைந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அதனைத் தமிழாக்கினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. 1924இல் பிரிக்பீல்ட்ஸில் எழுந்த சீயோன் லூத்தரன் தேவாலயம் இம்மரபின் வழித்தோன்றலாகும்.

இரண்டாவது யாழ்ப்பாண மரபு. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும் 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளியையும் நிறுவினர். ஆண்களின் ஆங்கிலக் கல்வி மலாயா அரசுப் பணிக்கு வழி திறந்தது என்பது பலரும் கூறுவதே. பெண்கள் எழுத்தறிவு பெற்றதன் விளைவு அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. வேதாகமத்தைத் தாமே வாசிக்கத் தெரிந்த தாய்மார் உருவானமையால், வீட்டு வழிபாட்டை நடத்த ஆயரையோ உபதேசியாரையோ எதிர்பார்த்திருக்க வேண்டிய தேவை இல்லாமற்போனது.

மூன்றாவது கத்தோலிக்க மரபு. இங்கே வாசிப்பைக் காட்டிலும் மனப்பாடமும் கூட்டுச் செபமும் முதன்மை பெற்றன. செபமாலை சொல்லுதல், புனிதர் படத்தின்முன் விளக்கேற்றுதல், ஞானப்பெற்றோர் உறவு ஆகியவற்றின் வழியே எழுத்தறியாத தொழிலாளர் குடும்பமும் பிள்ளைகளுக்குச் சமயத்தைக் கற்பிக்க இயன்றது. செந்தூல் புனித சூசையப்பர் ஆலயமும் 1928இல் எழுந்த கிள்ளான் லூர்து மாதா ஆலயமும் இத்தகைய குடும்பங்களை ஒன்றிணைத்தன.

பள்ளியின் பங்கும் அதன் மாற்றமும்

கிள்ளானில் 1893இலும் கோலாலம்பூரில் 1897இலும் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளிகள் தோன்றின. கத்தோலிக்கக் கன்னியர் மடப் பள்ளிகளும் புனித ஜான் பள்ளியும் தொடர்ந்தன. இவற்றில் வேதபாடமும் காலை வழிபாடும் இடம்பெற்றன. பெற்றோர் தம் பொறுப்பில் ஒரு பகுதியைப் பள்ளியிடம் ஒப்படைக்க முடிந்த காலம் அது.

1970 முதல் ஆங்கில வழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய் மொழி வழிக்கு மாறின. 1983இல் அறிமுகமான புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில், முஸ்லிம் அல்லாத மாணவர்களுக்கு நன்னெறிக் கல்வி பாடமாயிற்று. நன்னெறிக் கல்வி பல சமயத்தாருக்கும் பொதுவான விழுமியங்களைக் கற்பிக்கிறது. எந்தவொரு சமயத்தின் நம்பிக்கையையும் கற்பிப்பது அதன் நோக்கமன்று. ஆகவே, பள்ளி ஏற்றிருந்த பொறுப்பு மீண்டும் வீட்டிற்கும் ஞாயிறு பள்ளிக்கும் திரும்பியது.

சட்டமும் இப்பொறுப்பைப் பெற்றோரிடமே வைக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 12(4)ஆம் விதி, 18 வயதுக்குட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் முடிவுசெய்வர் என்கிறது. 2018 ஜனவரி 29ஆம் நாள், இந்திரா காந்தி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் பிள்ளைகளின் மதமாற்றத்திற்குத் தாய், தந்தை இருவரின் ஒப்புதலும் தேவை எனத் தீர்ப்பளித்தது. இந்துக் குடும்பமொன்றைச் சார்ந்து எழுந்த வழக்காயினும், சிறுபான்மைச் சமயத்துப் பெற்றோர் அனைவருக்கும் அது பொருந்துவதாகும்.

மொழி என்னும் சிக்கல்

இன்று இக்குடும்பங்களின்முன் நிற்கும் கடினமான வினா மொழி பற்றியது. எழுத்தர் வகுப்பைச் சார்ந்த குடும்பங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பின. அப்பிள்ளைகளுக்கு வேதாகமமும் பாட்டுப் புத்தகமுமே வீட்டில் எஞ்சிய தமிழ் நூல்களாயின. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளைத் தாத்தா பாட்டியரோடு பாடிப் பழகிய தலைமுறை ஒன்று உண்டு. அவர்தம் பேரப்பிள்ளைகளுள் பலர் அவற்றின் பொருளறியாதவராய் ஆங்கில வழிபாட்டை நாடுகின்றனர்.

இங்கு வரலாறு இருமுனைக் கத்தியாகிறது. பிள்ளைக்கு விளங்கும் மொழியில் கற்பிக்க வேண்டும் என்ற கொள்கையே லூத்தரை ஜெர்மானிய மொழியிலும் சீகன்பால்குவைத் தமிழிலும் எழுத வைத்தது. தமிழ்க் கிறித்தவத்தைத் தோற்றுவித்த அதே கொள்கை, ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் கற்பிக்கவும் இடந்தருகிறது. தமிழை வற்புறுத்தினால் நம்பிக்கை விளங்காமற்போகலாம்; தமிழைக் கைவிட்டால் பாட்டியின் செபம் பேரனுக்கு அந்நிய ஒலியாகிவிடும். இரண்டும் இழப்பே.

முடிவுரை

நம்பிக்கையை விளக்கும் மொழியும் அதனை வாழ்ந்து காட்டும் மொழியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பொருளைப் பிள்ளை அறிந்த மொழியில் உரைத்து, பாட்டையும் செபத்தையும் தமிழில் பழக்குவது குடும்பங்கள் கைக்கொள்ளத்தக்க வழியாகும். எழுத்தறியாத கத்தோலிக்கத் தாய்மார் செவிவழியாகவே செபங்களைக் கையளித்த வரலாறு இதற்குச் சான்று.

ஆய்வாளர் கடமையும் ஒன்றுண்டு. குடும்ப வேதாகமங்களின் முதற்பக்கங்களில் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவற்றைத் தமிழில் குறித்துவைப்பது பல வீடுகளின் வழக்கம். தமிழ் வாசிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை மறையும்பொழுது அந்நூல்கள் பழங்காகிதங்களாகிவிடும். அப்பக்கங்களைப் படியெடுத்துக் காப்பது கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் சமூக வரலாற்றைக் காப்பதாகும். காலந்தாழ்த்தாது அப்பணியைத் தொடங்குதல் நம் கடன்.