பாஸ்புக்கில் வரவு வைத்த மருந்து

தமிழக அரசு மருத்துவமனைகளில் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் வரவாக இருப்பது ரொக்கமல்ல, மருந்து வாங்கும் உரிமை. மருந்தாளுநர் அதை மாவட்டக் கிடங்குக்கு எடுத்துப்போய் வேண்டிய மருந்துகளைப் பெறுவார். அவற்றின் விலை அந்த ஏட்டில் கழிக்கப்படும்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதுவரை ஒரே மருந்தை வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விலைக்கு வாங்கினார்கள். கழகம் மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விட்டது. விலை இறங்கியது. வந்திறங்கும் மருந்தின் மாதிரி, தயாரித்தவர் பெயர் மறைக்கப்பட்டு, ஆய்வகத்துக்குப் போகும். அங்கே தேறினால்தான் நோயாளியின் கைக்கு வரும். ஏழைக்குக் கொடுப்பதுதானே என்ற அலட்சியத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

மக்களின் உடல்நலம் பொதுப் பொறுப்பு என்ற எண்ணத்தின் வேர் பழையது. மெட்ராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இலேயே வந்துவிட்டது. குடிநீரும் கழிவுநீர் அகற்றலும் தொற்றுநோய்த் தடுப்பும் உள்ளாட்சி அமைப்புகளின் கடமை என்று அது எழுதிவைத்தது.

மருத்துவக் காப்பீடு வந்தது பாஸ்புக்குக்குப் பிறகுதான். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். பிரீமியத்தை அரசே கட்டியது. தனியார் மருத்துவமனைகளின் கதவும் ஏழைகளுக்குத் திறந்தது. பெரிய அறுவை சிகிச்சைக்கு நிலத்தை விற்ற குடும்பங்களுக்கு அது பேருதவி. ஆனால் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தவருக்குத்தான் காப்பீட்டு அட்டை கைகொடுக்கும். சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் மாத்திரை வாங்க வரிசையில் நிற்கும் பாட்டிக்கு இன்றும் அந்தப் பாஸ்புக்தான் துணை.