எடை குறைத்த சாப்மன்



விசை மாறாமல் நிறை குறைந்தால் முடுக்கம் கூடும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேனே, நினைவிருக்கிறதா? அதை வைத்தே பந்தயம் வென்றவர் இங்கிலாந்தின் காலின் சாப்மன்.

1962-இல் லோட்டஸ் 25 காரில் குழாய்ச் சட்டத்தை விட்டுவிட்டு, அலுமினியத் தகட்டுக் கூட்டையே உடலாக்கினார். எடை குறைந்தது, உறுதி கூடியது. எஞ்சின் சக்தி நேர்ப்பாதையில் கைகொடுக்கும். குறைந்த எடையோ வளைவிலும் பிரேக்கிலும்கூட உதவும். 1963-இல் ஜிம் கிளார்க் 10 பந்தயங்களில் 7 வென்று உலகச் சாம்பியன் ஆனார்.

ஆனால் 1970-இல் மோன்ஸாவில் லோட்டஸ் 72 ஓட்டிய யோஹென் ரிண்ட் விபத்தில் இறந்தார். முன் பிரேக் தண்டு முறிந்ததே காரணம் என்பார்கள். சாம்பியன் பட்டம் இறந்த பிறகே வந்தது.

2018 முதல் ஓட்டுநரின் தலையைக் காக்க ஹாலோ என்னும் டைட்டானியச் சட்டம் கட்டாயம். சுமார் 7 கிலோ கூடுதல் சுமைதான். 2020-இல் பஹ்ரைனில் குரோஷானின் உயிரைக் காத்தது அதுவே.

ஹெல்மெட்டைச் சுமை என்று நினைக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.