இரு பெயர்களும் ஒரு பிள்ளையும்: சப்ரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

நோய்களுக்கு வரலாறு இருப்பது போலவே நோய்களுக்கு இடப்படும் பெயர்களுக்கும் வரலாறு உண்டு. முன்னையது மனித உடலின் வரலாறாயின், பின்னையது அவ்வுடலை நோக்கியவர்களின் வரலாறு எனலாம். பிள்ளைகளின் உளவளர்ச்சி தொடர்பாக இன்று பெரிதும் பேசப்படும் அவதானக்குறைவு மிகையியக்கக் கோளாறு, ஓட்டிசம் ஆகிய இரண்டினையும் பொறுத்தவரை இவ்வுண்மை தெளிவாகப் புலப்படுகின்றது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஓரிடத்தில் அமராமை, தன் முறை வருமட்டும் பொறுத்திராமை, ஒத்த வயதினரோடு கூடி விளையாட இயலாமை ஆகியன இரண்டிலும் காணப்படுவன. ஒன்றினை மற்றொன்றாகக் கொள்ளும் தவறு உலகெங்கும் நிகழ்ந்துள்ளது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டத்துப் பிள்ளைகளை முன்னிறுத்தி நோக்கும்போது, இத்தவறு மருத்துவ நூலுக்குள் அடங்கிவிடாமல் ஒரு சமூக வரலாற்றோடும் பிணைந்து நிற்பதைக் காணலாம்.

முதலில் பெயர்களின் வரலாற்றினைச் சுருக்கமாக நோக்குதல் தகும். 1902இல் ஜோர்ஜ் ஸ்டில் என்னும் ஆங்கிலேய மருத்துவர், அறிவுக்குறை இன்றியும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத பிள்ளைகளைப் பற்றி இலண்டனில் விரிவுரைகள் நிகழ்த்தினார். அதனை அவர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையாகவே கொண்டார். 1943இல் அமெரிக்காவின் போல்ரிமோர் நகரில் லியோ கானர் பதினொரு பிள்ளைகளை விவரித்து ஓட்டிசத்தினைத் தனியொரு நிலையாக அறிமுகஞ் செய்தார். அடுத்த ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் அதனையொத்த வேறொரு தொகுதியினரை விவரித்தார். இவ்வாறு ஒழுக்கக்குறை எனத் தொடங்கிய ஒன்றும், உறவாடற்குறை எனத் தொடங்கிய மற்றொன்றும் வெவ்வேறு வழிகளில் வளர்ந்தன.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்வகைக் கைந்நூல் இப்பிரிவினை விதியாகவே ஆக்கிற்று. 1987ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு, ஓட்டிச வகைக் கோளாறுடைய பிள்ளைக்கு அவதானக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்னும் பெயரினை வழங்கலாகாது என வரையறுத்தது. 1994ஆம் ஆண்டுப் பதிப்பும் அவ்வழியே சென்றது. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பே இத்தடையினை நீக்கி, இரண்டும் ஒரே பிள்ளையிடத்து இருக்கக்கூடும் என ஏற்றுக்கொண்டது. ஆகவே 26 ஆண்டுகளாக, இரண்டும் ஒருங்கேயுடைய பிள்ளைக்கு ஒரு பெயரே வாய்த்தது. மற்றைய துன்பம் பெயரின்றியே நின்றது.

இதன் விளைவு சிறிதன்று. 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, மிகையியக்கக் கோளாறு என முதலில் பெயரிடப்பட்ட ஓட்டிசப் பிள்ளைகள், ஓட்டிசம் எனச் சரியாக இனங்காணப்படுவதற்கு ஏனையோரைவிட ஏறத்தாழ மூன்றாண்டுகள் பிந்தினர் எனக் காட்டிற்று. மிகையியக்கத்திற்குரிய மருந்து அவதானத்தைச் சீர்படுத்தலாம். பேச்சினையும் உறவாடலையும் அது கற்பிக்காது. அவற்றிற்குரிய பயிற்சி இளவயதிலேயே தொடங்கப்பட வேண்டியது. மறுதலையாக, ஓட்டிசம் என்ற பெயரோடு நிறுத்திக்கொண்டால், தணிக்கத்தக்க அவதானக்குறை தணிக்கப்படாமலே போகின்றது.

இரண்டினையும் வேறுபடுத்துவது எங்ஙனம்? அழைத்தும் திரும்பாத பிள்ளை வேறொன்றில் மனஞ் சிதறியதனால் திரும்பாதிருக்கலாம்; மனிதக் குரல் அதனை ஈர்க்காமையாலும் திரும்பாதிருக்கலாம். வரிசையைக் குலைக்கும் பிள்ளை பொறுமையின்மையாற் குலைக்கலாம். வரிசை என்னும் சமூக வழக்கினை உணராமையாலும், கூட்டத்தின் இரைச்சலைத் தாங்கமாட்டாமையாலும் குலைக்கலாம். வெளிச்செயல் ஒன்றே, உட்காரணம் வேறு. அதனை அறிவதற்கு ஒருநாட் பார்வை போதாது. மிகையியக்கக் கோளாற்றினைத் துணிவதற்கு வீடு, பாடசாலை போன்ற இரண்டு சூழல்களிலேனும் குறிகள் காணப்பட வேண்டும். ஓட்டிசத்தினைத் துணிவதற்கோ பிள்ளையின் இளமை வளர்ச்சி பற்றிய வரலாறு வேண்டும். சுருங்கக்கூறின், பிள்ளையை முழுமையாகக் கண்ட சாட்சிகள் ஒருங்கு கூடவேண்டும். தோட்டத்துப் பிள்ளையின் வரலாற்றில் அரிதாகவே வாய்த்தது இதுவாகும்.

தோட்டத்தில் பிள்ளையைக் காணும் நிலையங்கள் பிள்ளைக்காம்பரா, பாடசாலை, மருந்தகம் என மூன்று. மூன்றும் பிள்ளையின் பொருட்டன்றி, பெரும்பாலும் தொழிலின் பொருட்டே தோன்றியவை. சப்ரகமுவத் தோட்டங்களில் தேயிலையோடு இறப்பரும் பெருமளவிற் பயிராவது. வெயில் ஏறினாற் பால் வடிவது குறையுமாதலின் பால்வெட்டு விடியலிலேயே தொடங்கவேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்களுக்குப் பெரட்டுக்களம் காலையிலேயே காத்திருக்கும். எனவே தாயின் உழைப்புத் தடைப்படாதிருக்கப் பிள்ளைக்காம்பரா வேண்டியதாயிற்று. பல பிள்ளைகளை ஓரிரு பெண்கள் காத்த அவ்விடத்தில், அழாத பிள்ளையே நல்ல பிள்ளை எனப் பெயரெடுத்தது.

பாடசாலையின் கதையும் இதனையொத்ததே. 1907ஆம், 1920ஆம் ஆண்டுகளின் கட்டளைச்சட்டங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் கடமையினைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தின. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தேயே நின்றன. 1970களிலேயே அவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிற்று. ஒரே மண்டபத்தில் பல வகுப்புகளை ஓராசிரியர் நடத்திய அந்நாளில், ஓடித்திரிந்த பிள்ளை 'குழப்படி' எனவும் மௌனமாயிருந்த பிள்ளை 'மொக்கு' எனவும் கொள்ளப்படுவது எளிதாயிற்று. அமைதியான பெண்பிள்ளையின் நிலை இன்னும் இடரானது. தம்பி தங்கையரைப் பார்க்கவென வீட்டில் நிறுத்தப்பட்டவள் ஆசிரியரின் கண்ணிலும் படவில்லை.

மருந்தகங்களோ 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டத்தின் வழியே காய்ச்சலையும் காயத்தையும் பிரசவத்தையும் கவனித்தன. தொழிலாளரின் சோர்வு சோம்பலென்றே பலராற் கருதப்பட்ட காலத்தில், 1916இல் றொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கிய கொளுக்கிப்புழு ஒழிப்பியக்கம் அச்சோர்வின் அடியில் இரத்தச்சோகை இருந்ததை வெளிப்படுத்தியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. குணக்குறை எனப்பட்டது நோயென அறியப்பட்டதற்கு அது ஒரு முன்னுதாரணம். இன்றும் இளவயது இரத்தச்சோகை, செவிப்புலக் குறை என்பன அவதானக்குறைவினை ஒத்த தோற்றத்தைத் தரக்கூடுமாதலின், இரு பெயர்களில் எதனையும் சூட்டுமுன் அவற்றைச் சோதித்தல் இன்றியமையாதது.

இவற்றோடு சப்ரகமுவவுக்கே உரிய நிலைமைகள் சிலவும் உள. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை முதலிய பகுதிகளின் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடப்பவை. நுவரெலியாவைப் போன்று செறிந்த தமிழ்ச்சூழல் இங்கில்லை. பிள்ளை பேசப் பிந்தினால் 'இரு மொழி கேட்டு வளர்வதால்' என அமைதி சொல்லப்படுவது இலகு. ஆயின் இருமொழிச் சூழல் ஓட்டிசத்திற்குக் காரணமன்று என்பது ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. மேலும் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழி நிகழ்ந்த நாடுகடத்தலும், 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களும், 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களும் குடும்பங்களைப் பெயர்த்தன. 1981இல் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் நேரடியாகவே தாக்கப்பட்டன. பெயர்ந்த குடும்பத்தில் பிள்ளையின் இளமையை அறிந்த பாட்டியும் அயலாரும் பிரிந்துபோயினர். அச்சத்தால் வாய்மூடிய பிள்ளைக்கும் இயல்பிலேயே பேச்சுப் பிந்திய பிள்ளைக்கும் வேறுபாடு காண்பார் இலராயினர்.

தோட்டத்துப் பிள்ளை ஓட்டிசம் என்ற பெயரினின்று விலகி நின்றமைக்கு மேலைநாட்டு ஆய்வும் ஒரு காரணமாயிற்று. கானர் கண்ட பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் கற்றோர். அதனால் இது கற்றோர் வீட்டுக் குறை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவிற்று. 1980இல் லோர்னா விங் இதனை மறுத்தார். வசதியுள்ள பெற்றோரே தேர்ந்த மருத்துவரை நாடிச்சென்றமையால் அவர்தம் பிள்ளைகளே கணக்கில் வந்தனர் என்பது அவரது வாதத்தின் சாரம். இலங்கையிலும் இக்குறை அரிதன்று. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் பிறரும் நகர்சார்ந்த சமூகமொன்றில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு, இளங்குழந்தைகளுள் 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசத்தைக் கண்டது. தாய்மாரிடம் கேட்கும் வழக்கமான வினாக்கொத்து மட்டும் போதாது என்பதும் அதில் வெளிப்பட்டது. பின்னர் அக்குழுவினர் படங்களைக் காட்டித் தாயிடம் விவரங் கேட்கும் முறையொன்றை உருவாக்கினர். எழுத்தறிவு குறைந்த இடங்களுக்கு இம்முறை பெரிதும் ஏற்றது.

1992இல் தோட்ட நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 1990களிலிருந்து தோட்டச் சுகாதாரம் படிப்படியாக அரசின் பக்கம் நகர்கின்றது. பாடசாலை மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழுள்ளது. ஆக மூன்று சாட்சிகளும் மூன்று அதிகாரங்களின் கீழ் நிற்கின்றனர். பிள்ளைக்காம்பராப் பெண் அறிந்ததை ஆசிரியர் அறியார். ஆசிரியர் அறிந்ததை மருத்துவமாது அறியார். மூவரும் அறிந்ததைத் தமிழறியாத மருத்துவரிடம் எடுத்துரைக்கும் சுமை, ஒருநாட் சம்பளத்தை இழந்து நகர வைத்தியசாலைக்குச் செல்லும் தாயின் மீதே விழுகின்றது. அவள் சொல்லத் தவறும் ஒரு செய்தியே இரு பெயர்களுள் எது பிள்ளைக்கு வாய்க்கும் என்பதைத் தீர்மானித்துவிடக் கூடும்.

எனவே புதிய கட்டடங்களுக்கு முன்னரே செய்யத்தக்க பணியொன்றுண்டு. பிள்ளை சிரித்த, பேசிய, விளையாடிய, அடம்பிடித்த வகைகளைப் பிள்ளைக்காம்பராவிலும் பாடசாலையிலும் தமிழிற் பதிந்து, அப்பதிவு பிள்ளையோடு வைத்தியசாலை வரை செல்லுமாறு செய்தலே அது. 26 ஆண்டுகள் நின்ற தடையை நோய்வகை நூல் 2013இல் திருத்திக்கொண்டது. தோட்டத்துப் பிள்ளையைப் பகுதி பகுதியாகவே கண்டுவந்த நூறாண்டு வழக்கத்தைத் திருத்தும் பொறுப்பு அதிகாரிகளுக்கு மட்டுமன்றி, அத்தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்து நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் திரும்பிச் செல்லும் தலைமுறைக்கும் உரியதாகும்.