7.7 கோடி கணக்கும் ரெண்டு ஓசி கேமும்

2011 ஏப்ரல் 20, புதன்கிழமை. சோனி தன்னோட பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கை இழுத்து மூடியது. ஏன்னு சொல்லலை. சில வசதிகள் வேலை செய்யலை, பார்த்துக்கிட்டு இருக்கோம்கிற மாதிரி ரெண்டு வரி. அவ்வளவுதான்.

மூடின நேரம் இருக்கே, அதான் கொடுமை. முந்தின நாள்தான் அமெரிக்காவில் போர்ட்டல் 2, மார்ட்டல் காம்பாட், சோகாம் 4 மூணும் கடைக்கு வந்திருந்தது. அந்த வாரக் கடைசியில் ஈஸ்டர் வேற. புது கேமை வாங்கி வெச்சு லீவு நாளில் ஆற அமர உட்கார்ந்தவனுக்கு லாகின் பக்கத்துலயே முட்டுச்சந்து. காப்காம் விட்ட பயோனிக் கமாண்டோ ரீஆர்ம்ட் 2 கதை இன்னும் மோசம். தனியா ஆடணும்னாலும் நெட்வொர்க்கில் நுழைஞ்சே ஆகணும், திருட்டு காப்பியைத் தடுக்கிற ஏற்பாடாம். காசு குடுத்து வாங்கினவனும் அன்னிக்கு வெளியிலதான் நின்னான்.

அதனால முதல் சில நாள் கோபம் எல்லாம் ஒரே கேள்விதான்: எப்போ திரும்ப வரும்? 22-ம் தேதி, வெளியாள் யாரோ உள்ளே புகுந்துட்டாங்கன்னு சோனி ஒத்துக்கிட்டது. அப்பவும் திட்டில் பெரும்பங்கு ஹேக்கருங்களுக்குத்தான் போச்சு. அதுக்கு ஒரு முன்கதை உண்டு. பிளேஸ்டேஷன் 3-ல் லினக்ஸ் போட்டுக்கிற வசதியை சோனி 2010 ஏப்ரலில் பிடுங்கிக்கிட்டது. 2011 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ்கிற இளைஞர் அந்தப் பெட்டியோட பூட்டை உடைச்சுக் காட்ட, சோனி கேஸ் போட்டது. அதைக் கண்டிச்சு ஏப்ரல் ஆரம்பத்தில் அனானிமஸ் குழு நெட்வொர்க்கைத் தாக்க, ஆட முடியாமப் போன ஜனங்க அவங்க மேலயே பாய்ஞ்சாங்க. வாடிக்கையாளருக்குத் தொல்லை குடுக்கிறது எங்க நோக்கம் இல்லைன்னு அனானிமஸ் பின்வாங்கினது அப்போதான்.

ஏப்ரல் 26 அன்னிக்குத்தான் குண்டு விழுந்தது. பேரு, முகவரி, மெயில், பிறந்த தேதி, பாஸ்வேர்ட் எல்லாம் திருடு போயிருக்கு. கிரெடிட் கார்டு நம்பர் போகலைன்னு உறுதியா சொல்ல முடியாது. மொத்தம் சுமார் 7.7 கோடி கணக்கு.

அந்த நிமிஷமே கேள்வி மாறிப் போச்சு. 'எப்போ வரும்' போய், 'உனக்கு எப்போ தெரியும்?' வந்துடுச்சு.

சோனி பிறகு அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதின கடிதத்தில் கணக்கு சொன்னது. 19-ம் தேதி சான் டியாகோவில் சர்வர்கள் தானா ரீபூட் ஆகிறதைப் பார்த்தாங்க. 20-ம் தேதி மூடினாங்க. சுமார் 130 சர்வர், அம்பது சாஃப்ட்வேர், எது எது தொடப்பட்டதுன்னு தெரிய நாளாச்சு. பொட்டி தட்டுறவன்கிற முறையில் இதை நான் நம்புறேன். உள்ளே வந்தவன் தடயத்தையும் அழிச்சுட்டுப் போனா, லாக் படிச்சு முழுக்கதையைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஜாஸ்தி இல்லை. ஆனா 'பாஸ்வேர்ட் போயிருக்கலாம், வேற எங்கயாவது அதையே வெச்சிருந்தா உடனே மாத்திக்கோங்க'ன்னு சொல்றதுக்கு முழுக்கதை எதுக்கு? அந்த ஆறு நாளும் திருடன் கையில் பாஸ்வேர்ட் இருந்தது, சொந்தக்காரனுக்கு சேதியே தெரியலை. மெயிலுக்கும் பேங்குக்கும் ஒரே பாஸ்வேர்ட் வெச்சிருந்தவன் நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

மே 1-ம் தேதி டோக்கியோவில் கஸுவோ ஹிராய் உட்பட மூணு அதிகாரிங்க தலை குனிஞ்சு மன்னிப்புக் கேட்டாங்க. மறுநாளே அடுத்த இடி: சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்டில் இன்னும் 2.46 கோடி கணக்கு. அதில் 2007-ம் வருஷத்துப் பழைய டேட்டாபேஸில் இருந்து 12,700 வெளிநாட்டு கார்டு நம்பரும் போயிருக்கலாம்னு சொன்னாங்க. யாரும் பயன்படுத்தாத பழைய டேபிளை அழிக்காம வெச்சிருந்ததுக்குக் கூலி அது.

மூணு வாரத்துக்கு மேல ஆகி, மே 14-ல் அமெரிக்காவில் நெட்வொர்க் கொஞ்சம் கொஞ்சமா உயிர் பெற்றது. ஜப்பானில் அரசாங்கம் ஈஸியா விடலை. பாதுகாப்பு ஏற்பாட்டை எங்களுக்குத் திருப்தியா காட்டுன்னு பிடிச்சு வெச்சதில், கடை முழுசா திறக்க ஜூலை ஆச்சு. மத்தவங்களுக்கு நஷ்ட ஈடா வந்தது அஞ்சு கேமில் ரெண்டு இலவசம், ஒரு மாசம் பிளேஸ்டேஷன் பிளஸ். அமெரிக்கர்களுக்கு ஒரு வருஷ அடையாளத் திருட்டுக் காவலும் உண்டு. வீட்டு விலாசத்துக்கு விலை ரெண்டு ஓசி கேம் :)

ஜனங்க திரும்பி வந்தாங்களான்னா, வந்தாங்க. ஜூன் மாசம் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சி மேடையில் சோனியின் ஜாக் ட்ரெட்டன், பழைய நடமாட்டத்தில் 90 சதவீதம் திரும்பிடுச்சுன்னு சொன்னார். இதை வெச்சு கேம் ஆடுறவனுக்கு சூடு சொரணை இல்லைன்னு சொல்றது ரொம்ப அநியாயம். அவன் வாங்கின கேம், ஜெயிச்ச கோப்பை, கூட ஆடுற நண்பர்கள் எல்லாம் உள்ளேதான் இருக்கு. கோவிச்சுக்கிட்டு எங்கே போவான்?

கோர்ட்டுக்குப் போனாங்க சிலர். முதல் கேஸ் கலிஃபோர்னியாவில் ஏப்ரல் 27-ம் தேதியே விழுந்தது. அதே நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏடி அண்ட் டி கம்பெனி சம்பந்தப்பட்ட ஒரு கேஸில், கூட்டா சேர்ந்து வழக்குப் போட மாட்டேன்னு வாடிக்கையாளரிடம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கலாம்னு தீர்ப்பு சொன்னது. சோனி செப்டம்பரிலேயே பிடிச்சுக்கிட்டது. புது விதிமுறையில் அந்த ஷரத்தைச் சேர்த்தாங்க. ஒத்துக்கொள்ளாதவங்க 30 நாளுக்குள் தபாலில் கடிதம் போடணுமாம். ஆன்லைன் கம்பெனி, ஆன்லைன் ஒப்பந்தம், மறுக்க மட்டும் ஸ்டாம்ப் ஒட்டணும்!

2012 அக்டோபரில் சான் டியாகோ நீதிபதி வழக்கில் பெரும்பகுதியைத் தள்ளினார். ஓசியில் வாங்கின சேவை. நூறு சதவீதப் பாதுகாப்பு கிடையாதுன்னு கம்பெனி முன்னாடியே எழுதி வெச்சிருக்கு. தகவல் போனதால் பணம் போச்சுன்னு காட்ட முடியலை. அந்தக் கோபத்தை டாலரில் எப்படிக் காட்டுவது? 2013 ஜனவரியில் பிரிட்டன் ஆணையம் 2.5 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. அது ஆடினவன் பாக்கெட்டுக்கு வராது. மிச்சமிருந்த அமெரிக்க வழக்கு 2014-ல் சுமார் 1.5 கோடி டாலர் மதிப்பில் சமரசமாச்சு. அதிலும் பெரும்பாலானவங்களுக்குக் கிடைச்சது கேம்தான்.

'ஓசி சேவை'ங்கிற அந்த வாதத்துக்கு சோனியே முடிவு கட்டிடுச்சு. 2013 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 4-ல், பெரும்பாலான கேம்களை ஆன்லைனில் சேர்ந்து ஆட பிளஸ் சந்தா கட்டணும். லாகினுக்கு ரெண்டாவது பூட்டு, அதான் போனுக்கு வர்ற அந்தக் குறியீடு, வந்தது 2016-ல்.